வாசகர் கேள்வி–பதில்: பிளெமிஷ் நிலக்காட்சியில் வயலும் வண்டித்தடமும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் பீட்டர் புரூகலின் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ படத்தை வெளியிட்டிருந்தோம். அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. 16, 17-ஆம் நூற்றாண்டு பிளெமிஷ் ஓவியங்களில் வரும் கிராமத்தையும் பயணத்தையும் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பிளாண்டர்ஸ், பிராபன்ட் ஆகிய அந்தப் பகுதிகள் பெரும்பாலும் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கின்றன. ஆண்ட்வெர்ப்பும் பிரஸ்ஸல்ஸும்தான் இந்த ஓவியர்களின் தொழில் ஊர்கள்.

பிளாண்டர்ஸ் தட்டையான நிலம் என்று படித்திருக்கிறேன். படத்தில் இவ்வளவு உயரமான பாறை மலைகள் எப்படி வந்தன? ஓவியர் கண்ணால் பார்த்ததைத்தானே வரைந்திருப்பார்?
– வாசகர், மதுரை

கண்ணால் பார்த்ததுதான். ஆனால் பல ஊர்களில் பார்த்ததை ஒரே பலகையில் சேர்த்தார்கள். அந்தக் காலத்து ஆண்ட்வெர்ப் ஓவியர்கள் வயல்வரப்பில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர்கள் இல்லை. வெளியே போய்க் கோட்டுச் சித்திரம் எடுத்துவருவார்கள். படத்தைப் பட்டறையில் கட்டி எழுப்புவார்கள்.

இந்த வழியைப் போட்டவர் யோவாகிம் பாட்டினிர். 1515-இல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார், 1524-இல் இறந்தார். 1521-இல் அவருடைய திருமணத்துக்கு வந்திருந்த ஜெர்மன் ஓவியர் அல்பிரெக்ட் டியூரர், தன் நாட்குறிப்பில் அவரை ‘நல்ல நிலக்காட்சி ஓவியர்’ என்று குறித்திருக்கிறார். பாட்டினிர் மாஸ் ஆற்றங்கரையிலுள்ள தினான் பகுதிக்காரர். அங்கே ஆற்றை ஒட்டிச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் நிற்கும். அவர் படங்களில் சம்பந்தமில்லாமல் முளைத்து நிற்பதுபோலத் தோன்றும் பாறைத் தூண்கள் அங்கிருந்து வந்தவை.

அவருடைய படத்தை நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். வயல், ஆறு, கடல் எல்லாம் மேலிருந்து பார்ப்பதுபோல விரிந்திருக்கும். மரம், பாறை, வீடு, மனிதர்கள் மட்டும் நேரே எதிரில் நின்று பார்ப்பதுபோல இருக்கும். இரண்டு பார்வைகள் ஒரே படத்தில் கலந்திருக்கின்றன. அடிவானம் பலகையின் மேல்விளிம்புக்கு அருகே இருக்கும். அதனால் ஒரு வழிப்போக்கர் நடந்துபோக வேண்டிய தூரம் முழுவதையும் நம் கண்முன் வைக்க அவரால் முடிந்தது.

புரூகல் 1550-களின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போனவர். அவர் அந்த மலைகளையும் பாறைகளையும் விழுங்கி, ஊர் திரும்பியதும் பலகையில் உமிழ்ந்தார் என்று 1604-இல் ஓவியர் வரலாறு எழுதிய கரெல் வான் மாண்டர் சொல்கிறார். ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ படத்தில் கீழே இருக்கும் கிராமம் பிராபன்ட் பாணி, பின்னால் நிற்கும் சிகரங்கள் ஆல்ப்ஸ். ஆகவே இந்தப் படங்களில் ஏரையும் அரிவாளையும் வண்டியையும் நம்பலாம், மலையை நம்ப வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பொருள் அளவோடு, பயன்பாட்டோடு சரியாக இருக்கும். தூரம் என்பது ஓவியர் கட்டியது.

எங்கள் குடும்பத்தில் வண்டிப் பட்டறை வைத்திருந்தோம். இந்தப் படங்களில் வரும் வண்டிகள் ஓடக்கூடியவையா? ஏன் ஒன்றில்கூட மாடு பூட்டவில்லை?
– வாசகர், கரூர்

ஓடக்கூடியவைதான். படத்தைப் பார்த்தே ஒரு தச்சர் வண்டி செய்துவிடலாம். அவ்வளவு கவனம்.

அங்கே உழவுக்கும் பாரத்துக்கும் குதிரைதான் வழக்கம். வண்டிகளில் இரண்டு வகை. ஒன்று இருசக்கர வண்டி. உரம், மரம், அறுவடை ஏற்ற, குறுகிய தூரத்துக்கு. இன்னொன்று நாலு சக்கரப் பார வண்டி. சந்தைக்கும் ஊர் விட்டு ஊர் போவதற்கும் அதுதான். வளைத்த கம்புகளின் மேல் துணி போர்த்திக் கூண்டு கட்டியிருக்கும். ஹீரோனிமஸ் கோக் என்ற ஆண்ட்வெர்ப் பதிப்பாளர் 1555–56 வாக்கில் புரூகலின் கோட்டோவியங்களை வைத்துப் பெரிய நிலக்காட்சி அச்சுப்படங்கள் வெளியிட்டார். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே ‘பெல்ஜிய வண்டி’. மலைச்சரிவும் மரங்களும் நிறைந்த அந்தப் பெரிய காட்சிக்கு ஒரு கூண்டு வண்டியை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

வண்டித் தொழில் தெரிந்த நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சிறியது. அப்போதுதான் முன் அச்சு திரும்பும்போது சக்கரம் வண்டித் தட்டுக்கு அடியில் நுழைய இடம் இருக்கும். வட்டையின் (சக்கரத்தின் மர விளிம்பு) மேல் இரும்புப் பட்டையை முழு வளையமாகப் போடாமல் துண்டு துண்டாக வைத்து அறைவது அந்தக் காலத்தில் பரவலான முறை. கொஞ்சம் பெரிதாக்கிய நல்ல படத்தில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரிவது அதனால்தான். அச்சு நுழையும் நடுக்கட்டையான குடம் பருமனாக இருக்கும். ஓட்டுபவர் பெரும்பாலும் வண்டியில் உட்காரமாட்டார். இடப்பக்கக் குதிரையின் முதுகில் ஏறிக்கொள்வார், அல்லது பக்கத்தில் நடப்பார். சேற்றில் சக்கரம் இறங்கினால் உடனே பாரத்தையும் குதிரையையும் கவனிக்க அதுதான் தோது.

இந்த விவரத்தில் மன்னன் புரூகலின் இளைய மகன் யான் புரூகல் (1568–1625). வண்டி, குதிரை, சேணம் ஆகியவற்றைப் பல கோணங்களில் தனித் தாள்களில் வரைந்து வைத்துக்கொண்டு, படத்துக்குப் படம் அவற்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார். ஒரே வண்டி இரண்டு படங்களில் அதே கோணத்தில் வந்தால் வியக்க வேண்டாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ‘காட்டுவழியில் பயணிகள்’ (1607) படத்தைப் பாருங்கள். அவர் வரையும் பாதைகள் நேர்க்கோடாக இருப்பதில்லை, பக்கவாட்டில் பரந்து கிடக்கும். கல் பாவாத மண் வழி. மழை பெய்து ஒரு தடம் குழியானதும் அடுத்த வண்டி அதை விட்டு விலகிப் போகும், அதற்கடுத்தது இன்னும் விலகும். இடையில் புல் திட்டுகள் மிஞ்சும். அந்தத் திட்டுகளைக்கூட அவர் விடவில்லை.

மாதங்களைக் காட்டும் புரூகலின் வரிசைப் படங்களை எந்த முறையில் பார்ப்பது? ஒவ்வொன்றிலும் என்ன வேலை நடக்கிறது?
– வாசகி, திருவாரூர்

1565-இல் ஆண்ட்வெர்ப் வணிகர் நிக்லஸ் யோங்ஹெலிங்க் தன் வீட்டுக்காக வாங்கிய வரிசை அது. மறு ஆண்டே, வேறொருவருக்குத் தான் நின்ற 16,000 கில்டர் (அக்கால நாணயம்) ஜாமீனுக்கு ஈடாகத் தன்னிடமிருந்த படங்களை நகராட்சிக்குக் காட்டினார். அதில் புரூகல் படங்கள் மட்டும் 16. மாத வரிசையில் ஐந்து இன்று இருக்கின்றன. மொத்தம் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. வசந்தத்தின் படம் தொலைந்துவிட்டது. ‘பனியில் வேட்டைக்காரர்கள்’, ‘இருண்ட நாள்’, ‘மந்தை திரும்புதல்’ மூன்றும் வியன்னாவில். ‘வைக்கோல் காலம்’ பிராகில் லோப்கோவிட்ஸ் மாளிகையில். ‘அறுவடை’ நியூயார்க்கில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 117 செ.மீ. உயரம், 162 செ.மீ. அகலம்.

முதலில் ‘அறுவடை’யை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கோதுமை நிற்கிறது. அறுப்பவரின் மார்பு வரை உயரம். இன்றைய குட்டை ரகங்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அன்று தாள் நீளமாக இருக்க வேண்டும்: கூரைக்கும் தொழுவத்துக்கும் படுக்கைக்கும் அதுதான். அறுப்பவர்கள் கையில் இருப்பது நம் கருக்கரிவாள் இல்லை, நின்றபடி இரு கையாலும் வீசும் நீண்ட பிடி அரிவாள். பெண்கள் பின்னால் வந்து அரியைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், கட்டுகளை நிறுத்தி வைக்கிறார்கள். கதிருக்குள் வெட்டிய ஒற்றையடிப் பாதையில் ஒருவர் இரு கையிலும் குடுவை தூக்கிக்கொண்டு ஏறி வருகிறார். இன்னொரு குடுவை சூடேறாமல் இருக்கக் கதிரின் நிழலில் வைக்கப்பட்டிருக்கிறது. பேரி மரத்தடியில் ஒரு கூட்டம் சாப்பிடுகிறது, ஒருவர் கால்களை அகட்டிப் போட்டுத் தூங்குகிறார். உட்கார நாற்காலியில்லை, கதிர்க்கட்டுதான் இருக்கை. வேலையும் ஓய்வும் ஒரே நேரத்தில் நடப்பது தற்செயல் இல்லை: கூட்டம் கூட்டமாக முறைபோட்டு அறுத்தால்தான் வெயில் இருக்கும்போதே வயல் முடியும்.

புல் அறுத்து உலர்த்தும் பருவத்தைக் காட்டும் ‘வைக்கோல் காலம்’ படத்தின் இடது மூலையில் ஒருவர் உட்கார்ந்து அரிவாள் அலகைச் சுத்தியலால் தட்டுகிறார். பலர் அதைச் சாணை பிடிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாணை பிடிக்குமுன் செய்ய வேண்டிய வேலை அது. சிறு பட்டடையைத் தரையில் ஊன்றி, அதன்மேல் அலகின் விளிம்பை வைத்துத் தட்டித் தட்டி மெலிதாக்க வேண்டும். பலமாக அடித்தால் விளிம்பு அலையலையாக நெளிந்துவிடும், பிறகு புல்லை வெட்டாமல் இழுக்கும். தட்டிய பிறகுதான் கல். வயலில் வேலை நடக்கும்போது அடிக்கடி கல்லை மட்டும் தேய்த்துக்கொள்வார்கள். அதே படத்தில் கூடைகளைத் தலையில் சுமந்துபோகிறவர்களின் முகம் கூடைக்குள் மறைந்திருக்கிறது. சுமை மட்டும் நடந்துபோவதுபோல இருக்கும்.

‘இருண்ட நாள்’ படத்தைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். இந்த வரிசையிலேயே நுட்பமானது அதுதான் என்பது எங்கள் கருத்து. பிப்ரவரி–மார்ச். இன்னும் இலை வராத வில்லோ மரங்களின் கிளைகளை வெட்டிக் கட்டுகிறார்கள். ஆள் உயரத்தில் தலையை வெட்டிவிட்டால் அங்கிருந்து நீண்ட குச்சிகளாகத் துளிர்க்கும்; சில ஆண்டுக்கு ஒருமுறை அறுக்கலாம். கீழே ஆடுமாடு மேய்ந்தாலும் துளிர் எட்டாது. கூடை, வேலி, மண் பூசும் பின்னல் சுவர் எல்லாவற்றுக்கும் அந்தக் குச்சிதான். பிளெமிஷ் படங்களில் வேலியோரம் முஷ்டிபோலத் தலை பருத்த மரங்களைக் கண்டால் அவை நோயுற்ற மரங்கள் என்று நினைக்காதீர்கள். படத்தின் கீழ்ப்பக்கம் ஒருவர் வாஃபிள் தின்கிறார், பக்கத்துச் சிறுவன் தலையில் காகிதக் கிரீடம். தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா நாட்கள். தூரத்தில் ஆற்று முகத்தில் கப்பல்கள் உடைகின்றன.

‘மந்தை திரும்புதல்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மேய்ச்சல் முடிந்து மாடுகள் கீழே இறங்குகின்றன, வானம் இருட்டுகிறது. மாடுகளின் பின்பக்கத்தை இவ்வளவு மரியாதையோடு வரைந்த ஓவியர் வேறு யாரும் இல்லை.

‘பனியில் வேட்டைக்காரர்கள்’ படத்தில் வேட்டைக்காரர்கள் சோர்ந்து போயிருக்கிறார்கள். காரணம் என்ன?
– வாசகர், கோவில்பட்டி

ஈட்டியில் தொங்குவதைப் பாருங்கள்: ஒரே ஒரு நரி. மூன்று பேர், ஒரு பெரிய நாய்க்கூட்டம், கிடைத்தது அவ்வளவுதான். நாய்களும் தலை தாழ்த்தி வருகின்றன. விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்குகிறது. அதன் கீழே வைக்கோல் தீ. குளிர்காலத்தில் பன்றி அடித்து மயிர் பொசுக்கும் வேலை என்று அதைக் கொள்வது வழக்கம். வலது ஓரத்தில் ஆலைச் சக்கரம் பனிக்கட்டியில் இறுகி நிற்கிறது. சக்கரம் நின்றால் மாவு இல்லை. பாலத்தின் மேல் ஒரு பெண் சுள்ளிக் கட்டைத் தலையில் சுமந்து போகிறாள். இன்னும் தள்ளி ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்து ஆட்கள் ஓடுகிறார்கள். உறைந்த குளத்தில் குழந்தைகள் விளையாடுவது மட்டும் நாட்காட்டிகளில் அச்சாகிறது. ஆலைச் சக்கரத்தை வெட்டிவிட்டு அச்சிடுவதைப் பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது.

1564–65 குளிர்காலம் உண்மையிலேயே மிகக் கடுமையானது. பனிக்காலக் காட்சியைத் தனிப்படமாக வரையும் வழக்கம் வலுப்பெற்றது அதையடுத்துத்தான். அதே 1565-இல் புரூகல் வரைந்த ‘பறவைப்பொறியுடன் பனிக்காலம்’ படத்துக்கு அவருடைய மூத்த மகனின் பட்டறையிலும் வெளியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகல்கள் செய்யப்பட்டன.

வழியோரத்தில் உயரமான கம்பத்தின் மேல் வண்டிச் சக்கரம் படுக்கையாக இருக்கிறதே, அது என்ன?
– வாசகி, ஈரோடு

தண்டனைச் சின்னம். குற்றவாளியின் கைகால்களை முறித்து உடலைச் சக்கரத்தில் கட்டிக் கம்பத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள். காகம் தின்னும்வரை அங்கேயே இருக்கும். ஊர் எல்லையிலும் பெருவழியிலும் வைத்தது, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கவே. படங்களில் பயணிகள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அளவுக்குப் பழகிய காட்சி.

வழிப்பயணத்தின் ஆபத்து இது மட்டும் இல்லை. ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக 1568-இல் தொடங்கி 1648 வரை நீண்ட போரில், கூலி கிடைக்காத படைவீரர்கள் வழிப்பறியில் இறங்கினார்கள். ஆண்ட்வெர்ப் ஓவியர் செபாஸ்டியான் விராங்ஸ் (1573–1647) வண்டிக் கூட்டங்களைக் கொள்ளையர் தாக்கும் படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். யான் புரூகலின் அமைதியான பாதைகளைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். 1609 முதல் 1621 வரை 12 ஆண்டுகள் போர் நிறுத்தம் இருந்தது. சாலையில் நிம்மதியாக வண்டி ஓட்டுவது அன்றைய ஆண்ட்வெர்ப்காரர்களுக்குப் பெரிய விஷயம்.

முடிந்தவர்கள் நீர்வழியில் போனார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து வில்லெப்ரூக் வரை வெட்டிய கால்வாய் 1561-இல் திறக்கப்பட்டது. அதன் வழியாகப் படகில் ஆண்ட்வெர்ப் போகலாம். யான் புரூகலின் ஆற்றங்கரைப் படங்களில் கூடையும் கோழியும் ஆட்களுமாகத் திணித்த படகுகள் வருவது அந்தப் பழக்கத்திலிருந்துதான்.

மரங்களின் இலை நீலமாக இருக்கிறது. அச்சகத்தின் தவறா?
– வாசகர், சேலம்

அச்சகத்தைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தூரத்து மலையும் காடும் நீலமாக இருந்தால் அது ஓவியர் திட்டமிட்டது. முன்தளம் பழுப்பு, நடுத்தளம் பச்சை, கடைசித் தளம் நீலம் என்பது பாட்டினிர் காலத்திலிருந்து வந்த முறை. பட்டறையில் வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் அது வசதி.

அருகிலிருக்கும் மரத்தின் இலையே நீலமாகத் தெரிந்தால் வண்ணம் மாறிவிட்டது என்று பொருள். பச்சையை நீலமும் மஞ்சளும் கலந்து உண்டாக்கினார்கள். மஞ்சள் பெரும்பாலும் செடியிலிருந்து எடுத்த சாயம். ஒளி பட்டு வெளுத்துவிடும். தாது நீலமான அசுரைட் நிற்கும். மஞ்சள் போனபின் மிஞ்சுவது நீல இலை. செம்பிலிருந்து செய்த பச்சைக்கு நேரெதிர் கதி: அது பழுப்பாகும். இலையுதிர் காலம் என்று தோன்றும் மரம் சிலநேரம் கோடைகால மரமாகவே இருந்திருக்கும். கோபால்ட் சேர்த்த கண்ணாடியை அரைத்த ஸ்மால்ட் என்ற மலிவான நீலம் எண்ணெயில் சாம்பல் நிறமாக மங்கும். மங்கலான வானத்தைப் பார்த்து மேகமூட்டம் என்று முடிவு கட்டுவதற்குமுன் இதை யோசியுங்கள். இவற்றோடு பழுத்த வார்னிஷும் சேர்ந்தால் நீல வானம் பச்சையடிக்கும்.

குதிரையின் கால் வழியாகப் பாதை தெரிகிறதா? அதுவும் காலத்தின் வேலை. காட்சியை முடித்துவிட்டு மேலே உருவங்களைத் தீட்டினால், எண்ணெய் வண்ணம் நூற்றாண்டுகளில் ஒளி ஊடுருவும்படி ஆகி அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பிளெமிஷ் முறையில் ஒரு சிறு பலகை தயாரித்து நிலக்காட்சி வரைய ஆசை. எப்படித் தொடங்குவது?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

அவர்கள் பயன்படுத்தியது பால்டிக் கடலோரத்திலிருந்து கப்பலில் வந்த ஓக். மரத்தின் நடுவிலிருந்து ஆரக்கால்போலப் பிளந்தெடுத்த பலகை வளையாது. ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள படத்துக்கு ஒரே பலகை கிடைக்காது. படுக்கைவாட்டில் பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டினார்கள். பழைய படத்தின் வானத்தில் நேர்க்கோடாகப் படுக்கை விரிசல் தெரிந்தால் அது ஒட்டு. 1617-இல் ஆண்ட்வெர்ப் பலகைத் தச்சர்களுக்குக் கட்டாய விதிகள் வந்தன: பூச்சி அரித்ததும் வெள்ளைக்கட்டையும் (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) கூடாது, சோதித்த பலகையின் பின்புறம் கோட்டையும் இரண்டு கைகளும் கொண்ட நகர முத்திரையைச் சூட்டுக்கோலால் பதிப்பார்கள்.

உங்களுக்கு 30 × 40 செ.மீ. அளவில் 12 மி.மீ. நல்ல பிளைவுட் போதும். தச்சர்கள் வாங்கும் வஜ்ஜிரத்தில் (விலங்குப் பசை) சுத்தமானதாகப் பார்த்து 20 கிராம் எடுத்து 250 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பசைக்கு வலு போய்விடும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே போதும். பலகையின் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் நம் ஊர் ஈரக்காற்றில் பலகை கட்டாயம் வளையும்.

மறுநாள், மிச்சப் பசையை மீண்டும் சூடாக்கி அதன் ஒன்றரை மடங்கு அளவு சலித்த சீமைச் சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். தூள் தானாக அமுங்கட்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி புகும், காய்ந்ததும் ஊசிக்குத்துபோலத் துளைகள் விழும். 6 முதல் 8 மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்கே. தொட்டால் ஈரம் ஒட்டாத நிலையில் அடுத்தது. ஒரே மூச்சில் கனமாகப் பூசினால் வெடிக்கும். முந்தைய பூச்சைவிடப் பிந்தையதில் பசை வலுவாக இருந்தால் உரிந்து வரும். அதனால் தண்ணீர் வற்றினால் சேர்த்துச் சரிசெய்யுங்கள். மிஞ்சிய பசையைக் குளிர்சாதனப் பெட்டியில் 3 நாளுக்குமேல் வைக்க வேண்டாம், நாற்றமெடுக்கும். காய்ந்தபின் 220, பிறகு 400 எண் உப்புத்தாள்.

கருப்புச் சாக்கால் கோடு போட்டு, மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு: கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி காவி மஞ்சள். அவர்கள் ஈய வெள்ளை பயன்படுத்தினார்கள். அது நஞ்சு, நீங்கள் டைட்டானியம் வெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வானத்தில் தொடங்கி, அது ஈரமாக இருக்கும்போதே தூரத்து நீலத்தையும் அதனோடு இழையவிடுங்கள். அடுத்துப் பச்சை நடுத்தளம், கடைசியாகப் பழுப்பு முன்தளம். இலைகளைக் காய்ந்த வானத்தின் மேல் சிறு புள்ளிகளாக வையுங்கள். மாணவர்கள் செய்யும் பெரிய தவறு எல்லா இடத்திலும் வண்ணத்தைக் கனமாக அப்புவது. புரூகல் பல இடங்களில் வெள்ளை அடிப்பூச்சே ஒளிவிடும்படி மெலிதாக விட்டிருக்கிறார். பனியின் வெளிச்சம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

யான் புரூகல் செம்புத் தகட்டிலும் நிறைய வரைந்தார். தகடு ஈரத்துக்கு ஊதாது, நார் கிடையாது. மயிரிழை விவரமும் நிற்கும். ஆனால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல் வரைந்தால் செதில் செதிலாக உதிரும். பூண்டுச் சாறு தேய்க்கும் வழக்கம் பழைய கைந்நூல்களில் உண்டு. கீழே போட்டால் நசுங்கும் என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

புரூகல் என்ற பெயரில் எத்தனை பேர்? குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

கிராமக் காட்சிக்கு மூவரை நினைவில் வைத்தால் போதும். அப்பா பீட்டர், 1569-இல் இறந்தார். மூத்த மகன் பீட்டர் (1564–1638), அப்பாவின் படங்களை நகலெடுத்தவர். இளைய மகன் யான். தந்தை இறந்தபோது மகன்களுக்கு நினைவு தெரியாத வயது. அப்பாவின் பல படங்கள் ஏற்கெனவே பிறர் வீட்டுச் சுவர்களில் இருந்தன. அதனால் மூத்த மகன் பெரும்பாலும் வரைவுகளையும் மாதிரித்தாள்களையும் வைத்தே வேலை செய்தார். நகலில் சட்டையின் நிறம் மாறியிருந்தால் காரணம் அதுவே. தந்தை 1559-இல் தன் கையொப்பத்திலிருந்து ‘ஹெச்’ எழுத்தை நீக்கினார், மகன்கள் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அருங்காட்சியகச் சீட்டில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ரூபன்ஸ் கிராமம் வரைந்திருக்கிறாரா?
– வாசகி, புதுச்சேரி

வரைந்தார், வாழ்நாளின் கடைசியில். 1635-இல் எலேவைட் என்ற ஊரில் ஹெட் ஸ்டேன் மாளிகையை வாங்கினார். அதைச் சுற்றிய நிலத்தை விற்பனைக்காக அல்லாமல் தன் விருப்பத்துக்கு வரைந்தார் என்றே கருதுகிறார்கள். அதிகாலைக் காட்சி லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு வண்டி சந்தைக்குக் கிளம்புகிறது. கால் கட்டிய கன்றும் ஒரு பெண்ணும் அதில். முன்தளத்தில் ஒருவர் நாயோடு பதுங்கிக் கவுதாரி வேட்டையாடுகிறார். அதன் ஜோடிப் படமான ‘வானவில் நிலக்காட்சி’ லண்டனிலேயே உள்ள வாலஸ் கூடத்தில். இரண்டும் ஒரே நகரில் இருந்தும் நெடுங்காலம் பிரிந்தே இருந்து, 2021-இல் வாலஸ் கூடத்தில் அருகருகே வைக்கப்பட்டன. ஹெட் ஸ்டேன் படத்தின் பலகை பல துண்டுகள் சேர்த்தது. துண்டுகளின் நார் வெவ்வேறு திசையில் போவதால் காற்றின் ஈரம் மாறினால் ஒட்டுகள் இழுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட படங்களைக் கடனாக அனுப்ப அருங்காட்சியகங்கள் தயங்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆற்றுத் துறைகளைப் பார்க்க விரும்பினால் யான் சீபெரெக்ட்ஸ் (1627–1703) படங்களைத் தேடுங்கள். பாலமில்லாத இடத்தில் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகி, காய்கறி வண்டியோடு தண்ணீரில் இறங்குகிறார்கள். சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் எவ்வளவு ஏறும், எந்தப் பக்கம் சுழிக்கும் என்பதில் அவருக்கு ஈடு இல்லை.

பெல்ஜியம் போகிறோம். ஐந்து நாளில் எதைப் பார்க்கலாம்?
– வாசகர் குடும்பம், சென்னை

பிரஸ்ஸல்ஸில் தங்குங்கள். அரசு நுண்கலை அருங்காட்சியகத்தில் மூத்த புரூகலின் ‘பெத்லகேமில் குடிமதிப்பு’ (1566) படத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். பைபிள் நிகழ்ச்சியைப் பனி மூடிய பிராபன்ட் கிராமத்தில் வைத்திருக்கிறார். விடுதி வாசலில் வரி கட்ட நிற்கும் கூட்டத்தில் மரியாளையும் யோசேப்பையும் நீங்களே தேட வேண்டும். யோசேப்பின் தோளில் தச்சர் ரம்பம் தெரியும். மூத்த புரூகல் 1563-இல் திருமணம் செய்த, பின்னர் அடக்கம் செய்யப்பட்ட கப்பெல்லெ தேவாலயம் அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

நகருக்கு மேற்கே டில்பேக் வட்டாரத்தில் சிந்த்-அன்னா-பேடெ என்ற சிற்றூர். மூத்த புரூகல் 1568-இல் வரைந்த ‘குருடர் உவமை’யில் பின்னால் நிற்கும் தேவாலயம் அந்த ஊருடையது என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஓவியம் நேப்பிள்ஸில் இருக்கிறது, தேவாலயம் இங்கே. வயல்வெளியில் நடந்தே சுற்றலாம், மண் வழி உண்டு. மழைக்குத் தாங்கும் காலணி அவசியம். ஆண்ட்வெர்ப்புக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 11 ஆண்டுகள் மூடியிருந்து 2022-இல் திறந்த அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள், சிறிய மாயர் வான் டென் பெர்க் அருங்காட்சியகத்துக்கு அரை நாள். எலேவைட்டின் ஹெட் ஸ்டேன் இரண்டு நகரங்களுக்கும் இடையில் இருக்கிறது.

மாத வரிசைப் படங்களில் ஒன்றுகூட பெல்ஜியத்தில் இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அவற்றுக்கு வியன்னாதான். புரூகலின் 12 பலகை ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகம் அவற்றின் அகச்சிவப்பு, எக்ஸ்-ரே படங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கிளம்புமுன் ஒரு மாலை உட்கார்ந்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டியிருக்கும், வண்டிச் சக்கரத்தின் ஆணி அங்கிருந்து தெரியாது.